ஸஹனில் சிந்திய சோறு

எங்கள் ஊரில் வீடுகளுக்கு இலக்கம் இருக்கிறது. அது தபால்காரனுக்குத் தெரிந்தால் போதும் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். திகன சந்தியில் இறங்கி மஹ்மூத் நானாவின் வீட்டைக் கேட்டுப் பாருங்கள். ஆட்டோக்காரன் உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆட்டக்கையார் வீடா?" என்பான். அதில் கேலி ஒன்றும் இல்லை. கேலி செய்தவர்கள் எல்லாம் மையவாடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பேர் மட்டும் சந்துக்குள் தங்கிவிட்டது.

அந்த வீட்டு ஆட்களுக்குக் கை நடுங்கும். சும்மா மடியில் வைத்திருந்தால் ஒன்றுமில்லை. ஒரு பொருளை எடுக்க நீட்டினால், கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனால், அப்போது தொடங்கும். மஹ்மூத் நானாவின் வாப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அவர் தராசைத் தூக்கினால் முள் நிற்காது. கள்ள நிறை என்று சனம் கதைத்தது. மனுஷன் எப்போதும் ஒரு பிடி கூடப் போட்டுத்தான் கட்டிக்கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது. என்ன செய்ய, கூடப் போட்டது யாருக்கும் ஞாபகமில்லை. கடைசியில் கடையை மூடினார்.

அதைப் பார்த்து வளர்ந்த மகன் தராசுத் தொழிலே வேண்டாம் என்று தையலுக்குப் போனார். கொழும்பில் பழகி, கண்டி டவுனில் கோட் தைப்பதில் பேர் எடுத்தார். பிறகு அவருக்கும் வந்தது. ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனபோது, மனைவி ஜஹானா விடியற்காலையிலேயே எழும்பி, உள்ளங்கையளவு பஞ்சணை நிறைய ஊசிகளுக்கு நூல் கோர்த்துக் குத்திக் கொடுத்தனுப்புவாள். அந்தப் பஞ்சணையைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு பஸ் ஏறுவார். பின்னர் சுண்ணக்கட்டிக் கோடும் வளைந்தது. தையலையும் விட்டார். இப்போது திகன சந்தையில் தைத்த உடுப்பு வாங்கி விற்கிறார். பிள்ளைகள் சட்டை, பாவாடை. மடித்துப் போடத் தெரிந்தால் போதும்.

ஆனால் நோன்பு மாதம் வந்தால் அவர் வேறு ஆள். சந்துக்குள் இருக்கிற சின்னப் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவது அவர்தான். பகல் ளுஹர் தொழுது முடிந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போவார். அரிசி, பயறு, எலும்பு, வெந்தயம், இஞ்சி, உள்ளி, இரம்பை. கடைசியில் தேங்காய்ப்பால். அத்தனை பெரிய கிடாரத்தில், துடுப்பு மாதிரி இருக்கும் அகப்பையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக் கிண்டும்போது நடுக்கம் இருந்த இடம் தெரியாது. பாரம் ஏறினால் கை நின்றுவிடும். பின்னேரம் அஸருக்குப் பிறகு சந்து முழுக்க வாளியும் கேனுமாக நிற்கும். "மஹ்மூத் நானா, அடியில கொஞ்சம் தடிப்பா பாத்து ஊத்துங்க" என்று ஹாஜியார்மாரே கெஞ்சுவார்கள். வருஷத்தில் அந்த ஒரு மாதம்தான் அந்த மனுஷன் கையை ஒளிக்காமல் நடந்தார்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் நஸீப், டவுனில் போன் கடையில் வேலை. இளையவள் றுமைஸா. வீட்டில் இருந்தே கேக் செய்து விற்பாள். ஐசிங் பூ வைத்தால் கிள்ளிப் பார்க்கத் தோன்றும். இவர்களோடு மஹ்மூத் நானாவின் தங்கச்சி கைரியாவும் அந்த வீட்டில்தான். கல்யாணம் ஆகவில்லை. வெளி ஆட்கள் வந்தால் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் பழக்கம் அது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

போன வருஷக் கடைசியில் றுமைஸா கேக்கில் பேர் எழுதுவதை நிறுத்தினாள். "இப்ப எல்லாரும் அச்சு எழுத்துத்தான் வெக்கிற" என்று சிரித்தாள். என் பேத்தியின் பிறந்தநாள் கேக்கிலும் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் எழுத்துத்தான் குத்தியிருந்தது. எனக்கு எரிச்சல். சொல்லவும் சொன்னேன். அவள் பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள்.

அந்த நேரம்தான் கட்டுகஸ்தோட்டையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அஸ்ஃபர், மருந்துக்கடையில் வேலை. வாப்பா ஸிபான் ஹாஜியார், உம்மா ருஷ்தா. நல்ல மனுஷர் என்று எல்லாரும் சொன்னார்கள். றுமைஸாவுக்கும் பிடித்திருந்தது. அவள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு முட்டை அடிப்பதை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டிருக்கிறேன். நோன்புக்கு முந்தின ஷஃபான் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

அன்றைக்கு முந்தின நாள் அந்த வீட்டில் நடந்த பேச்சை நஸீப் பிறகு என்னிடம் சொன்னான். சொல்லும்போது அவன் தலை நிமிரவில்லை.

"வாப்பா, நாளைக்கு நீங்க வந்து ஸலாம் சொல்லிட்டு, பள்ளி வேல ஒண்டு ஈக்கு எண்டு போயிருங்களே" என்றிருக்கிறான்.

"என்னத்துக்கு மகன்?"

"ஸஹன் வெக்கிற. ஆறு பேர் ஒரு தட்டுல. ஒங்கட கை..."

ஜஹானா பாய்ந்தாள். "வாய மூடுடா! பொண்ணுட வாப்பா இல்லாத சபையா?"

"உம்மா, நான் கூடாம ஒண்டும் சொல்லல்ல. அவங்க பாத்தா கேப்பாங்க. கேட்டா என்ன சொல்ற?"

மஹ்மூத் நானா மகனோடு கோபிக்கவில்லை. "அவன் சொல்றது சரிதான் ஜஹானா. நான் குசினிப் பக்கம் நிண்டு சோறு போடுறத பாத்துக்கொள்றேன். விருந்தாளிய கவனிக்கிறது எண்டு நினைப்பாங்க" என்றார். சொல்லிவிட்டுக் கையைச் சாரத்துக்குள் வைத்துக்கொண்டார்.

றுமைஸா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எங்கட வாப்பா ஸஹன்ல இரிக்காட்டி எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்" என்றாள்.

"சரி, சரி. நீ பேசாதே. ஒண்ட வாய்க்கு ஒராள் வாறதே பெரிசு" என்று கைரியா மாமி அவளை உள்ளே இழுத்தாள்.

கை விஷயமாக மஹ்மூத் நானா ஒருமுறை டவுனில் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார். "இது குடும்பத்தில வாறது, ஆபத்து இல்ல, பிள்ளைகளுக்கும் வரலாம்" என்று அவர் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டு, இந்த வருத்தக்காரர் ஒரு மிடறு சாராயம் குடித்தால் கொஞ்ச நேரம் கை நிற்கும், அதை வைத்தே நாங்கள் கண்டுபிடிப்போம் என்றும் சொல்லிவிட்டார். மஹ்மூத் நானா "அஸ்தஃபிருல்லாஹ்" என்று வாய்விட்டு ஓதிக்கொண்டே படியிறங்கினார். குளிசை போட்டுத் தந்த கடதாசிப் பையைக்கூட பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தார். சாராயத்தின் பெயரை ஒருவன் தன் முகத்துக்கு நேரே சொன்னதே அவருக்கு அத்தனை அவமானம்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மழை விட்டு நாளாகியிருந்தது. விக்டோரியா நீர்த்தேக்கப் பக்கத்துக் காற்று புழுதியைத்தான் கொண்டுவந்தது. ஜஹானா விடியற்காலையிலிருந்து அடுப்படியில். நெய்ச்சோறு, கோழி, கத்தரிக்காய் மோஜு, அன்னாசி அச்சாறு, வட்டிலப்பம். வாசனை சந்து முனைவரை வந்தது. எனக்கும் அழைப்பு இருந்தது. இரண்டாவது ஸஹனில் இடம்.

முன்னறையில் பாய் விரித்து, வெள்ளைத் துணி போட்டு, ஸஹன்களை மூடியோடு கொண்டுவந்து வைத்தார்கள். நஸீப் கெண்டியும் கோப்பையுமாக ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் வார்த்தான். மஹ்மூத் நானா நிலையருகில் நின்று, "ஒக்காருங்க, ஒக்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதென்ன, நீங்க நிக்கிற?" என்றார் ஸிபான் ஹாஜியார். பெரிய உடம்பு, மெதுவான குரல். "பொண்ணுட வாப்பா கை வெக்காம நாங்க எப்பிடி கை வெக்கிற? இங்க வாங்க, எனக்குப் பக்கத்தில."

நஸீப் வாப்பாவைப் பார்த்தான். வாப்பா மகனைப் பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்தார்.

ஸஹனில் சாப்பிடுகிறதுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அவரவர் முன்னால் உள்ள பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். பக்கத்தவன் பக்கம் கை போகக்கூடாது. நல்ல துண்டு இறைச்சியைப் பிய்த்து அடுத்தவன் பக்கம் வைப்பது மரியாதை. மஹ்மூத் நானா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்னப் பிடியாகக் குனிந்து சாப்பிட்டார். அப்படியே முடித்திருந்தால் ஒன்றும் நடந்திராது. ஆனால் விருந்து கொடுக்கிறவர் அல்லவா? எதிரில் இருந்த அஸ்ஃபருக்கு ஒரு துண்டு கோழி வைக்க ஆசைப்பட்டார். கையை நீட்டினார்.

கை நீட்டியதும் ஆட்டம் பிடித்துக்கொண்டது. கோழித்துண்டு விழுந்தது. அதோடு இருந்த சோறு ஸஹன் முழுக்க, ஹாஜியார் பக்கம், மாப்பிள்ளை பக்கம், வெள்ளைத்துணி மேல் எல்லாம் சிந்தியது. மாப்பிள்ளைப் பையன் நல்லவன். "பரவாயில்ல மாமா" என்று அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டான். ஆனால் அந்தப் பக்கத்து இரண்டு பேர் கையை ஸஹனிலிருந்து எடுத்துவிட்டார்கள். நஸீப்பின் முகம் கறுத்துப்போனதை நான் அடுத்த ஸஹனிலிருந்து பார்த்தேன்.

திரைக்குப் பின்னால் பெண்கள் பக்கத்துக் கரண்டிச் சத்தமும் நின்றது.

"நானா, கோபிக்க வேணாம்" என்றார் ஸிபான் ஹாஜியார். "கல்யாண விஷயம், கேக்காம ஈக்க ஏலா. வரக்குள்ள ஆட்டோக்காரன் 'ஆட்டக்கையார் வீடா' எண்டு கேட்டான். எனக்கு வெளங்கல்ல. இப்பத்தான் வெளங்குது. இது குடும்பத்தில வாற ஒண்டா?"

மஹ்மூத் நானா கையை எடுத்து மடியில் வைத்தார். மடியில் அது அசையாமல் கிடந்தது.

"இல்ல ஹாஜியார். அந்தப் பேர் என்னாலதான் வந்தது."

"ஒங்களால எண்டா?"

"நானே தேடிக்கிட்டது. கொழும்புல தையலுக்கு நிண்ட காலத்துல கூடாத சேர்க்கை. குடிச்சேன். கணக்கில்லாம குடிச்சேன்." அவர் ஸஹனைப் பார்த்தே சொன்னார். "விட்டு எவ்வளவோ காலம். தவ்பாவும் செஞ்சிட்டேன். கை மட்டும் விடல்ல."

அல்லாஹ்வே! ஐந்து நேரத் தொழுகைக்கும் முதல் ஸஃப்பில் நிற்கிற மனுஷன்! மருந்துத் தண்ணீரில் சாராய நெடி அடித்தால்கூடக் கடைக்காரனிடம் இரண்டு தரம் விசாரிக்கிற மனுஷன்! என்ன நடக்கிறது என்று எனக்குப் பிடிபட முன்னமே ஹாஜியார் பேசத் தொடங்கிவிட்டார்.

"நீங்க மறைச்சிருக்கலாம். மறைக்கல்ல" என்றார் அவர். நீண்ட மூச்சு விட்டார். "தவ்பா செஞ்சா அல்லாஹ் மன்னிக்கிறவன். ஒங்கட பாவம் ஒங்களோட. புள்ளைக்கு அதுல என்ன ஈக்கு?"

மறுபடி ஸஹனில் கை வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். மஹ்மூத் நானா வைக்கவில்லை. பாவம் பிள்ளைக்கு இறங்காது, ரத்தத்தில் வருகிற வருத்தம் இறங்கும். அந்த மனுஷன் அதைக் கணக்குப் போட்டுத்தான் பேசியிருக்கிறார் என்று வட்டிலப்பம் வரும்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் போகும்போது பெருநாளைக்குப் பிறகு நிக்காஹ் என்று பேசி முடித்திருந்தார்கள்.

அவர்கள் வாகனம் சந்து திரும்பியதும் ஜஹானா கேட்டாளாம்: "உண்மையா?"

"நீயுமா கேக்கிற?"

"ஒங்களோட இவ்வளவு காலம் வாழ்ந்தும் நான் கேக்குறேன் பாருங்க. என்னையே கேக்க வெச்சிட்டீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

கைரியா மாமி குசினியிலிருந்து வந்தாள். "நானா, வாப்பாட பேரையும் சேத்து அழிச்சிட்டீங்க" என்றாள்.

அவள் சொன்னது சரியாகத்தான் போனது. எங்கள் ஊர் வாயைப் பற்றி எனக்குத் தெரியாதா? இரண்டு தலைமுறையாக அந்தக் கைகளைப் பார்த்த சனம், ஒரு பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாவற்றையும் மறந்துவிட்டது. "அதானே பாத்தேன், அந்தக் கை ஆடுறது சும்மாவா?" என்றார்கள். "அப்ப தராசுக்கார மூத்தாவும் ஊத்தியிருப்பார் போல" என்று இன்னொருவன் சந்தையில் நின்று சொன்னான். என் வாயில் வந்ததை நான் அவனுக்குக் கொடுத்தேன். கொடுத்து என்ன பலன்? மஹ்மூத் நானாவின் கடைக்கு முன்னால் நின்று பேரம் பேசுகிற பெண்கள் குறைந்தார்கள். ஒருத்தி பிள்ளைக்கு வாங்கின சட்டையை முகர்ந்து பார்த்தாளாம்.

நோன்பு பிடிக்க இரண்டு நாள் இருக்கும்போது பள்ளித் தலைவர் ஸைத் ஹாஜியார் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"நானா, இந்த முற கஞ்சிக்கு வேற ஆளப் போட்டிருக்கு. நீங்களும் வயசாகுது, கொஞ்சம் ஆறுங்க."

"தவ்பா செஞ்சிட்டேனே ஹாஜியார்."

"அல்லாஹ் மன்னிப்பான் நானா. சனம் மன்னிக்காதே. அந்தக் கையால குடுத்த கஞ்சியில நோன்பு திறக்குறதா எண்டு கேக்குறாங்க. நான் என்ன செய்ய?"

"சரி" என்றார் மஹ்மூத் நானா. "அரிசிய மட்டும் முந்தியே ஊறப்போடச் சொல்லுங்க. இல்லாட்டி அடி பிடிக்கும்."

அடி பிடித்தது. முதல் நோன்பிலிருந்தே கஞ்சியில் தீய்ந்த வாசனை. அஸர் நேரம் அந்த வாசனை சந்து வழியாக வரும். மஹ்மூத் நானா முன்னறையில் குர்ஆனை விரித்து வைத்துக்கொண்டு இருப்பார், பக்கம் புரளாது. நஸீப் கேனைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனான். வரிசையில் நின்றவன் ஒருவன், "வாப்பாக்கு இதுவா, இல்ல வேற ஏதாச்சும் ஊத்திக் குடுக்கவா?" என்றிருக்கிறான். நஸீப் வெறும் கேனோடு திரும்பி வந்தான். வந்தவன் வாப்பாவின் முன்னால் போய் நிற்க முடியாமல், கிணற்றடியில் போய் உட்கார்ந்துவிட்டான். ஸஹனில் வாப்பாவை மறைக்கப் பார்த்தவன் அவன்தானே.

அன்றைக்கு றுமைஸா கைரியா மாமியைக் கேட்டாள்.

"மாமி, வாப்பா ஏன் இப்பிடி ஒரு பொய்ய சொன்னார்? அவருக்குப் பொய்யே வராதே."

கைரியா சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவும்போது அவள் கையும் ஆடாது. "ஒருக்கா உண்மைய சொல்லிப் பாத்துட்டார், அதான்."

"எப்ப?"

"என்னப் பொண்ணு பாக்க வந்தாங்க. மடவளையால. எனக்கு அப்ப கை தொடங்கல்ல. நல்லாத்தான் ஈந்தேன், ஒன்ன விட நெறம். எல்லாம் சரி. எங்கட வாப்பா தேத்தண்ணிக் கோப்பைய சிந்தினார். 'இது குடும்பத்தில ஈக்கா?' எண்டு கேட்டாங்க. வாப்பா பேசல்ல. நானா பொடியன், பொய் சொல்லப் பயம். 'ஓம், இது எங்கட வீட்டுக் கை' எண்டு சொல்லிட்டார்." தேங்காய்ச் சிரட்டையைக் கீழே வைத்தாள். "அவங்க தேத்தண்ணியும் குடிக்கல்ல. அதுக்குப் பொறகு ஆருமே வரல்ல."

"நீங்க வாப்பாவோட கோவமா மாமி?"

"கோவமா? அவர் அந்த நாளையில இருந்து என்ட மொகத்த நேரா பாக்கல்ல புள்ள. நான் கோவிச்சு என்ன செய்ற?"

றுமைஸா தன் வலது கையை நீட்டிப் பார்த்தாள். "எனக்குத் தொடங்கிட்டு மாமி."

"தெரியும். பேர் எழுதுறத விட்டக்குள்ளேயே தெரியும். வாய மூடிட்டு ஈ. கல்யாணம் முடியட்டும்."

அவள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த வாரம் ருஷ்தா மாமி வரும்வரைக்கும்.

ருஷ்தா ஒரு பெரிய தட்டு நிறைய பெட்டிஸும் சமோசாவும், பேரீச்சம்பழமுமாக, நோன்பு திறக்க இங்கேயே இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மருமகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். "கல்யாணக் கேக்க வெளியால குடுக்க வேணாம் மகள். நீங்களே செய்யுங்க. ரெண்டு பேரட பேரையும் ஒங்கட கையாலேயே எழுதுங்க. அதுதான் எனக்கு ஆச" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வாப்பாவப் பத்தி யோசிக்க வேணாம். எங்கட பக்கம் கதைக்கிறாங்கதான். நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன், அவர் செஞ்ச பாவத்துக்கு புள்ள என்ன செய்யும் எண்டு. கல்யாணத்தண்டைக்கு மட்டும் அவர கொஞ்சம் பின்னால வெச்சுக்கொள்வோம்."

பின்னால வெச்சுக்கொள்வோம் என்று கேட்டதும் றுமைஸா எழும்பினாள். உள்ளே போய் ஒரு வெள்ளைத் தட்டும் ஐசிங் பையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஜஹானா, "இப்ப என்னத்துக்கு அது?" என்றாள். அவள் கேட்கவில்லை. தட்டை ருஷ்தாவின் முன்னால் வைத்து, குனிந்து, 'அஸ்ஃபர்' என்று எழுதினாள். முதல் எழுத்தே நெளிந்தது. மற்ற எழுத்துகள் தட்டு முழுக்க இழுபட்டுப் போயின. முடிக்கும்வரை பையை விடவில்லை.

"மாமி" என்றாள். "நான் ஒரு நாளும் குடிச்சதில்ல."

ருஷ்தா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கெட்டவள் இல்லை. கண் கலங்கித்தான் இருந்தது.

"ஏன் புள்ள இத எனக்குக் காட்டின? காட்டாம ஈந்திருக்கலாமே" என்றாள்.

"எங்கட வாப்பா பின்னால நிக்க ஏலா மாமி."

"ரத்தத்துல ஈக்கிறது எண்டு தெரிஞ்சுகொண்டு நான் எப்பிடி... எனக்கும் பேரப்புள்ளைகள் வேணுமே." முந்தானையைச் சரிசெய்தாள். பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. இருந்தும் அவள் நோன்பு திறக்க நிற்கவில்லை. கொண்டுவந்த தட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

மஹ்மூத் நானா சந்தையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டார். அந்த வீட்டில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டேன்.

"ஹராமான குடிய நான் என்ட தலையில ஏத்தினது எதுக்கு? சொல்லு! என்ட வாப்பாட பேரயும் அழிச்சு, பள்ளி அடுப்பயும் விட்டு, இந்தச் சந்துல தலகுனிஞ்சு நடந்தது எதுக்கு? நீ ஒரு தட்டுல எழுதி அழிச்சிட்டியே!"

"நான் ஒங்களக் கேட்டேனா வாப்பா?"

"கேக்காட்டியும் செய்றவன்தான் வாப்பா!"

பிறகு சத்தம் இறங்கியது. "மகள், உண்மைய சொல்லி ஒரு பொம்புளட வாழ்க்கைய ஒருக்கா அழிச்சவன் நான். அவ இந்த வீட்டுக்குள்ளதான் ஈக்கா. எனக்கு ரெண்டாவது முற ஏலா." குசினிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து மூன்றாம் நாள் செய்தி வந்தது. பையனுக்கு இப்போது கல்யாணம் செய்கிற எண்ணமில்லையாம். பையன் மட்டும் றுமைஸாவுக்கு போன் எடுத்து அழுதானாம். அழுதுவிட்டு உம்மா சொன்னதைத்தான் கேட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

செய்தி எங்கள் சந்துக்கும் வந்தது. அப்படியானால் மஹ்மூத் நானா குடிக்கவில்லையா? சனத்துக்கு இப்போது சங்கடம். ஸைத் ஹாஜியாருக்கு மனசு கேட்கவில்லை போல. ஒரு பின்னேரம், பாங்குக்குக் கொஞ்சம் முந்தி, அந்தத் தீய்ந்த கஞ்சி ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தார்.

"நானா, என்ன மன்னிச்சிருங்க. மகள் சொன்னத கேள்விப்பட்டேன். உண்மையெண்டா நாளைக்கு அடுப்படிக்கு வாங்க. சனத்துக்கு நான் பள்ளியில எழும்பி நிண்டு சொல்றேன்."

எழும்பி நின்று சொல்வதென்றால், ஆட்டக்கை அந்த வீட்டு ரத்தம் என்று ஊருக்கே சொல்வது. றுமைஸாவுக்கு இனி எந்தச் சம்பந்தம் வரும்? மஹ்மூத் நானா அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். கண்ணைத் தரையில் போட்டுக்கொண்டு, அழுத்தமாகச் சொன்னார்:

"அவ பொய் சொல்றா ஹாஜியார். என்னக் காப்பாத்தப் பொய் சொல்றா. நான் குடிச்சேன்தான்."

நஸீப் "வாப்பா!" என்றான்.

"நீ சும்மா ஈ. அந்தக் கைக்கு ஒண்டுமில்ல. வேணுமெண்டு ஆட்டிக் காட்டியிருக்கா."

திரை விலகியது. றுமைஸா ஒரு தட்டத்தில் தண்ணீர்க் கிளாஸ்களும் பேரீச்சம்பழமும் வைத்து, ஆண்கள் இருக்கிற அறைக்குள் தானே கொண்டுவந்தாள். கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. தண்ணீர் தளும்பிப் பேரீச்சம்பழத்தில், பாயில், தலைவரின் சாரத்தில் எல்லாம் சிந்தியது. யாரும் எழும்பித் தட்டத்தை வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும், எங்களுக்குக் கை வரவில்லை. அவள் தட்டத்தைப் பாயில் வைத்துவிட்டு, ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாப்பாவிடம் நீட்டினாள்.

வாப்பா அதை வாங்கக் கையை நீட்டினார். இரண்டு கையும் ஒன்றுக்கொன்று எதிரே, ஒரே மாதிரி ஆடின.

மஹ்மூத் நானா மகளின் கையை அப்படியே பிடித்துத் தன் கையால் மூடினார். எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கத்தான் மூடினார். மூடியும் ஆட்டம் நிற்கவில்லை. ஸைத் ஹாஜியார் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வீட்டுக்குள் எங்களுக்கு என்ன வேலை, இந்தக் கைகளைப் பார்க்க நாங்கள் யார் என்று இருந்தது.

பள்ளியில் பாங்கு தொடங்கியது. ஒருவரும் நோன்பு திறக்கவில்லை.

"நான் குடிக்கல்ல ஹாஜியார்" என்றார் மஹ்மூத் நானா. இன்னொரு முறை சொன்னார். "நான் குடிக்கல்ல. வாப்பாவும் குடிக்கல்ல. இது எங்கட வீட்டுக் கை." குற்றம் ஒப்புக்கொள்கிறவர் மாதிரித் தலை தொங்கிப் போயிருந்தது. கண்ணீர் தாடியில் இறங்கியது. மகளின் கையை மட்டும் அவர் விடவில்லை.

குசினிக் கதவு திறந்தது. அந்த வார்த்தையை, அதே வாயிலிருந்து, தன்னைப் பார்க்க வந்தவர்கள் முன்னால் கேட்டவள் அங்கேதான் இருந்தாள். கைரியா தண்ணீர்க் கிளாஸ் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் சிந்தச் சிந்த, முன்னறைக்கு வந்தாள். நானாவின் மற்றப் பக்கத்தில், எங்கள் எல்லாருக்கும் எதிரே உட்கார்ந்து, அந்தக் கிளாஸை அவருடைய வாயில் வைத்தாள்.

"நோன்பத் திறங்க நானா" என்றாள். அவர் தலை நிமிர்ந்து தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார்.